நல்ல மார்க் எடுத்த பையன் ஐடிஐ போனால் மதிப்புக் குறைவா?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தம்பிக்குப் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க், ஐடிஐ போகிறேன் என்று நிற்கிறான், "படிக்காத பயலுவ போற இடம்லா" என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

அவன் ஆசை குரூப் 1 அல்லது வங்கி அதிகாரி வேலை என்றால் சொந்தக்காரர்கள் சொல்வது சரி, பட்டம் இல்லாமல் நடக்காது. ஆனால் ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (ரயில் ஓட்டுநருக்கு உதவியாளர்) வேலைக்கு ஐடிஐ, டிப்ளமோ, இன்ஜினியரிங் இவற்றில் ஒன்று வேண்டும். வெறும் பி.காம். வைத்து விண்ணப்பிக்கவே முடியாது. 

கவலைப்பட வேண்டியது டிரேடை, அதாவது எந்தத் தொழிற்பிரிவு என்பதைப் பற்றித்தான். ஃபிட்டர், எலக்ட்ரீசியன், டர்னர் எல்லாம் இரண்டு வருடம். முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு, அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு. நாகர்கோவில் கோணத்தில் ஐடிஐ, பாலிடெக்னிக், இன்ஜினியரிங் கல்லூரி மூன்றுமே இருக்கின்றன. வெல்டர் ஒரு வருடம்தான், அதை வைத்து இந்த வழியில் ஏற முடியாது. தனியார் ஐடிஐ என்றால், சேரப்போகும் டிரேடுக்கே மத்திய அரசின் தொழிற்பயிற்சி இணைப்பு (என்சிவிடி என்று சொல்வார்கள்) உண்டா என்று பாருங்கள். நிலையத்தின் பெயர்ப்பலகையில் இருப்பது போதாது.

நம்மூர்க்காரர்கள் பலரும் மனதில் வைப்பது கல்ஃப். அங்கே சான்றிதழ் வாசல் வரைதான், உள்ளே விடுவது கை. பைப் வெல்டருக்கு 6ஜி டெஸ்ட் வைப்பார்கள். பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் கட்டி, சுற்றி வர வெல்டிங் செய்ய வேண்டும்.  ரூட் என்ற முதல் அடுக்கு ஆர்கான் வாயு வெல்டிங்கில், அதற்கு மேல் 7018 என்ற வெல்டிங் ராடு. பலர் தோற்பது பைப்பின் அடிப்பக்க ரூட்டில். தலைகீழாக வெல்டிங் செய்யும்போது உலோகம் கீழே இழுபட்டு, பைப்பின் உள்ளே குழி விழும். வெளியே பார்த்தால் அழகாக இருக்கும், எக்ஸ்ரேயில் மாட்டும். பைப்பைப் பிடித்து நிறுத்த முதலில் போடும் சின்ன வெல்டிங்தான் டேக், அதன் முனைகளைக் கிரைண்டரில் சரித்துத் தேய்க்காமல் மேலே ஓட்டினால் அந்த இடம் ஒட்டாது. ஈரம் ஏறிய 7018 ராடு துளை விடும். இதற்கெல்லாம் கை பழக ஐடிஐ வகுப்பு நேரம் மட்டும் காணாது, தனியாகப் பைப் பயிற்சி வேண்டும்.

பழக்கம் கிடைக்குமே என்று, படிப்பு முடிந்ததும் கம்பெனி "டிரெய்னி" என்று கூப்பிட்டால் உடனே தலையாட்ட வேண்டாம். அப்ரண்டிஸ் சட்டம் 1961-இன் கீழ் பதிவு செய்த ஒப்பந்தமா என்று கேட்கச் சொல்லுங்கள். அப்படியென்றால் பயிற்சி முடிந்து தேர்வு எழுதி என்ஏசி என்ற தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வாங்கலாம். 2019 விதியில் ஐடிஐ முடித்தவருக்கு மாத உதவித்தொகை குறைந்தது 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். பதிவில்லாத டிரெய்னிக்கு கடைசியில் மிஞ்சுவது ஒரு அனுபவக் கடிதம்தான், அதுவும் கேட்டு வாங்கினால்.