யூரின்ல ஆர்சனிக் ஜாஸ்தின்னு ரிப்போர்ட் வந்துடுச்சா? மருந்துக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கேள்வி: சார், எங்க வீடு கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டின ஊர்ல. போன மாசம் தெருவுல கேம்ப் போட்டு ஆளுக்கு நாலாயிரம் வாங்கிட்டு தலைமுடியும் யூரினும் எடுத்துட்டுப் போனாங்க. வீட்டுக்காரருக்கும் 8 வயசுப் பையனுக்கும் யூரின்ல ஆர்சனிக் ஜாஸ்தின்னு சிவப்புல வந்திருக்கு. உடம்புல இருக்குற விஷத்தை எடுக்க ஆறு மாசம் மருந்து சாப்பிடணும்னு ஏஜென்ட் தினம் போன் பண்றார். இதே சமயம் ஒரு காலேஜ்ல இருந்து ஆராய்ச்சிக்குன்னு ரத்தம் கேக்குறாங்க. யாரை நம்புறது?

பதில்: மருந்துக்குப் பணம் கட்டாதீங்கம்மா. ஏற்கெனவே வாங்கி வீட்ல வச்சிருந்தா பையனுக்குக் குடுக்காதீங்க. மத்ததை நிதானமா பேசலாம்.

முதல்ல அந்த ஆர்சனிக். சாம்பிள் குடுத்ததுக்கு முந்தின ரெண்டு மூணு நாள் வீட்ல என்ன சாப்பாடுன்னு யோசிச்சுப் பாருங்க, கடலோரமா கடலூர் முதுநகர் பக்கம் இருந்துட்டு நண்டு, இறால், மீன் இல்லாம ஒரு வாரம் போகுமா? கடல் மீன்லயும் நண்டு, இறால்லயும் ஆர்சனோபீட்டெய்ன்னு ஒரு வகை ஆர்சனிக் இயற்கையாவே இருக்கு, அது உடம்புக்குக் கெடுதல் பண்றது இல்ல, சாப்பிட்ட சில நாள்ல யூரின்ல அப்படியே வெளிய போயிடும். கெடுதல் பண்றது தண்ணியிலயும் மண்ணுலயும் வர்ற கனிம ஆர்சனிக். சாதாரண டெஸ்ட் இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காது, மொத்தமா கூட்டி ஒரு நம்பர் போடும். அதனால முந்தாநாள் நண்டுக் குழம்பு சாப்பிட்ட ஆரோக்கியமான மனுஷனுக்கும் சிவப்பு எழுத்துல ரிப்போர்ட் வரலாம்.

வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் மட்டும் வந்து உங்களுக்கு வரலைன்னா, அன்னிக்கு நீங்க மீன் சாப்பிட்டீங்களா, விரதமான்னு பாருங்க. இது கடற்கரை மாவட்டத்துக்கே உள்ள சிக்கல், உள்நாட்டுல இவ்வளவு வராது. திரும்ப டெஸ்ட் எடுக்கறதா இருந்தா குறைஞ்சது 3 நாள், முடிஞ்சா 5 நாள் மீன், நண்டு, இறால், கருவாடு எதுவும் வேண்டாம். கருவாட்டை எல்லாரும் மறந்துடுவாங்க, ரசத்துக்குத் தொட்டுக்கிட்ட ஒரு துண்டு கருவாடும் கணக்குதான். அப்புறம் லேப்ல "கனிம ஆர்சனிக்கைத் தனியா பிரிச்சுத் தருவீங்களா, கிரியாட்டினினோட சேர்த்துக் கணக்குப் போட்டுத் தருவீங்களா"ன்னு கேளுங்க. சித்திரை வெயில்ல தண்ணி கம்மியா குடிச்சா யூரின் கெட்டியாகும், அதுல இருக்கற எல்லாமே ஜாஸ்தியா தெரியும், அதைச் சரி பண்ணத்தான் கிரியாட்டினின், அது உடம்புல இருந்து யூரின்ல வழக்கமா வெளிய போற ஒரு கழிவு. உங்க ரிப்போர்ட்ல அந்த வரி இல்லைன்னா அந்த நம்பரை வச்சு பயப்படவும் வேண்டாம், நிம்மதி ஆகவும் வேண்டாம்.

முடி டெஸ்டை விட்டுடுங்க. புழுதி, போர் தண்ணி, ஹேர் டை எல்லாம் முடி மேலயே ஒட்டி இருக்கும், உள்ள இருந்து வந்தது எது வெளிய இருந்து படிஞ்சது எதுன்னு பிரிக்கறது பெரும்பாடு.

இப்ப ஏஜென்ட் விஷயம். எனக்கு ரொம்பக் கோவம் வர்ற இடம் இது. இவங்க வேலை செய்யற விதம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான், எழுபது எண்பது பொருளோட பேரைப் போட்ட பட்டியல், அதுல நாலஞ்சு சிவப்பு, கூடவே மருந்து. டெஸ்ட் எடுக்கறவரே மருந்தும் வித்தா அந்த இடத்துலயே எழுந்து வந்துடுங்க. சில பேர் ஒரு மருந்தை முதல்ல குடுத்துட்டு அப்புறம் யூரின் பிடிக்கச் சொல்றாங்க, அந்த மருந்து உலோகத்தை இழுத்துட்டு வரும், அப்படி எடுத்தா யாருக்கும் ஜாஸ்தியாத்தான் காட்டும், என் யூரின்லயும் காட்டும். அந்த மாதிரி மருந்து ஆஸ்பத்திரியில நிஜமாவே உண்டு, குழந்தைக்கு ரத்தத்துல ஈயம் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமைத் தொட்டாதான் யோசிப்பாங்க, பக்கத்துல வச்சுப் பார்த்துக்கிட்டே குடுப்பாங்க. அந்த மருந்துலயே தப்பான வகையை ஏத்தி ரத்தத்துல கால்சியம் திடீர்னு இறங்கிக் குழந்தைங்க செத்திருக்காங்க. பேர் ஒட்டாத டப்பாவுல வர்ற பொடியும் அப்படித்தான், அதுலயே ஈயம் இருந்து ஈய விஷம் ஏறின கேஸ் பதிவாகி இருக்கு. இன்னொண்ணு, "எங்க லேபுக்கு என்ஏபிஎல் இருக்கு"ம்பாங்க, லேபோட தரத்துக்குக் குடுக்கற சான்று அது. இருக்கலாம், ஆனா அந்தச் சான்று எந்தெந்த டெஸ்டுக்குன்னு தனிப் பட்டியல் உண்டு, சுகர் டெஸ்டுக்கு வாங்கின சான்றை ஆர்சனிக் ரிப்போர்ட் மேல அச்சடிச்சா யார் கேக்கப்போறா? நீங்க கேளுங்க.

பையனுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், அரசு ஆஸ்பத்திரியில குழந்தை டாக்டர்கிட்ட காட்டி ஹீமோகுளோபினும், முடிஞ்சா கை நரம்புல இருந்து எடுத்த ரத்தத்துல ஈயமும் பார்க்கச் சொல்லுங்க. விரல் நுனியில குத்தி எடுத்தா தோல்ல இருக்கற தூசியே ரிப்போர்ட்டைக் கெடுத்துடலாம். ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதுக்கு மேலயோ வந்தா எங்க இருந்து வருதுன்னு தேடணும்னு உலக சுகாதார நிறுவனம் 2021ல சொல்லியிருக்கு. அப்படி வந்தா ஈயம் இருக்கற பழைய பேட்டரி உடைக்கற இடம் பக்கத்துல இருக்கான்னு முதல்ல பாருங்க.

காலேஜ்காரங்களுக்கு ரத்தம் குடுக்கலாமா? குடுங்க, ஆனா கேட்டுட்டுக் குடுங்க. ஆராய்ச்சி முறையா நடக்குதான்னு பார்க்கற எதிக்ஸ் கமிட்டியோட அனுமதிக் கடிதம் காட்டணும், சம்மதப் படிவம் தமிழ்ல இருக்கணும், ஒரு காப்பி உங்க கையில குடுக்கணும், ரிசல்ட்டை உங்களுக்குத் திருப்பிச் சொல்வாங்களான்னு எழுத்துல இருக்கணும். இதுக்கெல்லாம் முகம் சுளிச்சா வேண்டாம்னுடுங்க. கூடவே "எங்களோட ஒப்பிட எந்த ஊரை எடுத்திருக்கீங்க"ன்னும் கேளுங்க. நெய்வேலி பக்கம்னா பழுப்பு நிலக்கரி எரியற இடம், பாதரசம் வர்ற ஊர், பண்ருட்டி பக்கம்னா முந்திரிக்கு மருந்து அடிக்கற ஊர். அங்கயும் மாசு இருக்கு, அதோட ஒப்பிட்டுட்டு "பெரிய வித்தியாசம் இல்லை"ன்னு எழுதிட்டா அந்தப் பேப்பரைத்தான் நாளைக்கு உங்களுக்கு எதிரா நீட்டுவாங்க.

நீங்க ஏன் ஏஜென்ட்கிட்ட போனீங்கன்னு எனக்குப் புரியாம இல்ல. போறதுக்கு வேற இடம் இல்ல. 2004லயே உங்க சிப்காட் கிராமத்து ஜனங்க வாளியில காத்தைப் பிடிச்சு அமெரிக்கா லேபுக்கு அனுப்பி அதுல என்ன கலந்திருக்குன்னு காட்டினாங்க. காத்துக்கு அப்படி ஒரு ரெக்கார்ட் உண்டு, அதே ஜனங்க உடம்புக்கு வருஷா வருஷம் எடுத்த ரெக்கார்ட் எங்க? அமெரிக்காவுல 1976ல இருந்து 1980க்குள்ள பெட்ரோல்ல ஈயம் குறையக் குறைய ஜனங்க ரத்தத்துலயும் மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சதை அரசாங்கமே அளந்து வச்சிருந்துச்சு, அந்தக் கணக்கைக் காட்டித்தான் மிச்ச ஈயத்தையும் எடுக்க வச்சாங்க. நம்ம நாட்டுல ஈயம் கலந்த பெட்ரோல் 2000ல நின்னுச்சு, நம்ம குழந்தைங்க ரத்தத்துல எவ்வளவு இறங்குச்சுன்னு மாவட்டம் மாவட்டமா சொல்ல எந்த ஆபீஸ்லயும் ஃபைல் இல்ல.

ரத்தத்துல, யூரின்ல இருக்கற உலோகத்தை அளக்கற மெஷின் வாங்க மட்டும் பணம் வரும். அதை ஓட்டத் தெரிஞ்ச பொண்ணுக்கு ப்ராஜெக்ட் முடிஞ்சதும் சம்பளம் நின்னுடும், மெஷின் ஓட வேண்டிய ஆர்கான் கேஸ் சிலிண்டர் வாங்க மூணு கையெழுத்து, அதுக்குள்ள மெஷின் மேல துணி போட்டு மூடிடுவாங்க. ரத்தத்தை வருஷக்கணக்குல வைக்க மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் வேணும், தானே புயல் வந்தப்பவும் ஃபெஞ்சல் புயல் வந்தப்பவும் இந்தப் பக்கம் கரன்ட் என்ன ஆச்சுன்னு தெரியும்ல, ஜெனரேட்டர் இல்லாம ஃப்ரீசர் வாங்கினா ஒரே புயல்ல பத்து வருஷ சாம்பிள் போச்சு. புதுச்சேரியில ஜிப்மர் இருக்கு, சிதம்பரத்துல அரசு மெடிக்கல் காலேஜ் இருக்கு, பரங்கிப்பேட்டையில கடல் உயிரியல் மையம் இருக்கு, போரூர்ல ராமச்சந்திராவுல விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கத்து கர்ப்பிணிகளைச் சேர்த்து அடுப்புப் புகை ஆராய்ச்சி பண்ணின அனுபவம் இருக்கு. இவங்களை ஒரே திட்டத்துல உக்கார வச்சு, ஒரே முறையில சாம்பிள் எடுத்து, அதே குடும்பங்களை வருஷா வருஷம் பார்க்கச் சொல்ல ஒரு அரசாணை போதும். இதைக் கிராம சபையில தீர்மானமா போடுங்க, கலெக்டருக்கு அனுப்புங்க.

அதுவரைக்கும் வீட்ல ஒரு நோட்டு வையுங்க. நாத்தம் வந்த தேதி, மணி, காத்து எந்தப் பக்கம் இருந்து அடிச்சுது, யாருக்கு இருமல், யாருக்குக் கண் எரிச்சல். பென்சீன் மாதிரி கெமிக்கல் ஆவி மூச்சுல உள்ள போனா அதோட அடையாளம் யூரின்ல ஒரு நாள் நிக்கறதே பெருசு, ரெண்டு நாள் கழிச்சு டெஸ்ட் எடுத்தா சுத்தமா இருக்குன்னுதான் வரும். காலேஜ்காரங்க வந்தா அந்த நோட்டைக் காட்டி, ராத்திரி நாத்தம் அடிச்சா மறுநாள் காலையிலயே வந்து யூரின் எடுப்பீங்களான்னு கேளுங்க.