பொன்னியின் செல்வன் மின்னூலுக்குக் காசு கொடுக்கணுமா?

அம்மாவுக்குப் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் வேண்டும், பழைய புத்தகத்தில் எழுத்து பொடி, மின்னூலோ கிட்டத்தட்ட அதே விலை, ஒலிநூலுக்கு மாதச் சந்தா என்று கேட்டிருந்தீர்கள். சரி, முதலில் மின்னூலுக்குக் காசே கொடுக்காதீர்கள். கல்கி 1954-ல் காலமானார், நம் நாட்டில் காப்புரிமை அதற்குப் பின் 60 ஆண்டுதான், அதுவும் முடிந்துவிட்டது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத் (Project Madurai) தளத்தில் ஐந்து பாகமும் கிடைக்கும், எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம்.

காப்புரிமை உள்ள நூல் என்றால் கணக்கே வேறு. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, மின்னூலுக்கு உண்டு, போதாக்குறைக்கு படித்த பிறகு பாதி விலைக்குத் தள்ளிவிடவும் முடியாது. சென்னை திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் பேரம் பேசி வாங்குவதே மேல். ஆனால் பல பாக நூல் என்றால் எல்லாப் பாகமும் இருக்கிறதா என்று அங்கேயே எண்ணிப் பாருங்கள், நான் வீட்டுக்கு வந்து பிரித்தால் மூன்றாம் பாகம் இரண்டு பிரதி, நான்காவது இல்லை!

ஒலிநூல் அம்மா சமைக்கும்போது கேட்பார் என்றால் மட்டும் ஒரு மாதம் சந்தா கட்டிப் பாருங்கள். வாசிப்பவர் குரல் பிடிக்காவிட்டால் அத்தோடு விட்டுவிடலாம்.