நான்கு பேர் சேர்ந்து இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்கிறோம். 16 வாரத்தில் ஓடுகிற வண்டியாகச் செய்து முடிக்க எப்படித் திட்டமிட வேண்டும்?

கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இது: மெக்கட்ரானிக்ஸ் இறுதியாண்டு, நான்கு பேர். கிடங்குக்குள் 50 கிலோ சுமையை ஏற்றிக்கொண்டு, தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் வண்டி. 25,000 ரூபாய், 16 வாரம்.

இந்த மாதிரி ப்ராஜெக்ட் கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். 14-ஆவது வாரம் வரை சட்டம் ஒருவர் வீட்டிலும், சர்க்யூட் ஒருவர் ஹாஸ்டல் அறையிலும், ப்ரோக்ராம் இன்னொருவர் லேப்டாப்பிலும் தனித்தனியாக நன்றாக இருக்கும். 15-ஆவது வாரம் ஒன்று சேர்த்தால் ஓடாது. சரிசெய்ய நாள் இருக்காது. அதனால் திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். 6-ஆவது வார முடிவில், பார்க்க எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், ஒரு முழு வண்டி தரையில் நகர வேண்டும். மற்றத் தேதிகளையெல்லாம் இதைச் சுற்றி வையுங்கள்.

முதல் இரண்டு வாரம் எதையும் வாங்காதீர்கள். எண்களை எழுதுங்கள். "அதிக எடை தூக்க வேண்டும்", "வேகமாகப் போக வேண்டும்" என்று எழுதினால் ஜீரோத் ரிவ்யூவை (துறையின் தொடக்கப் பரிசீலனையை) தாண்டலாம், வண்டியை ஓட்ட முடியாது. ஒவ்வொரு தேவைக்கும் ஓர் எண்ணும், அதை எப்படிச் சோதிப்போம் என்ற ஒரு வரியும் இருக்க வேண்டும். சுமை 50 கிலோ, வண்டியின் சொந்த எடை 25 கிலோவுக்குள், வேகம் நொடிக்கு 0.5 மீட்டர், ஏற வேண்டிய சாய்வு 5 டிகிரி, கோட்டை விட்டு விலகல் 50 மி.மீ.க்குள், ஒரு சார்ஜில் 2 மணி நேரம். இந்தத் தாளில் கைடிடம் (வழிகாட்டும் ஆசிரியரிடம்) கையெழுத்து வாங்கிவிடுங்கள். இரண்டாம் ரிவ்யூவில் மதிப்பிடும் பேனலில் ஒருவர் "இதில் ஒரு ரோபோ கையும் வைக்கலாமே" என்பார். அப்போது அந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

அந்த எண்களிலிருந்து மோட்டார் எப்படி வருகிறது என்று போட்டுப் பார்ப்போம். மொத்த எடை 75 கிலோ, அதாவது சுமார் 736 நியூட்டன். 5 டிகிரி சாய்வுக்கு அதில் 0.087 பங்கு. ரப்பர் சக்கரம் சிமென்ட் தரையில் உருளும் எதிர்ப்புக்கு 0.03 வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து 86 நியூட்டன். ஒரு நொடியில் 0.5 மீட்டர் வேகத்தை எட்ட இன்னொரு 37.5. ஆக 124 நியூட்டன் என்று வையுங்கள். 150 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் என்றால் ஆரம் 0.075 மீட்டர். டார்க், அதாவது சக்கரத்தைச் சுற்றும் திருப்புவிசை, 9.3 நியூட்டன் மீட்டர். இரண்டு மோட்டார், ஒவ்வொன்றுக்கும் 4.65. ஒன்றரை மடங்கு பாதுகாப்பு சேர்த்தால் ஒரு மோட்டாருக்கு 7 நியூட்டன் மீட்டர். சக்கரம் நிமிடத்துக்கு 64 சுற்று சுற்ற வேண்டும். கடையில் மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் ஆர்.பி.எம். பெரும்பாலும் சுமை இல்லாமல் ஓடும்போது வருவது. சுமை ஏறினால் குறையும். அதனால் 80 வாக்கில் உள்ளதைத் தேடுங்கள்.

டார்க் சரியாக வந்தும் வண்டி ஏறாமல் நிற்பதுண்டு, சக்கரம் வழுக்குவதால். 124 நியூட்டன் தள்ள வேண்டும், பிடிப்பு 0.5 என்றால் மோட்டார் சக்கரங்கள் இரண்டின் மேலும் சேர்த்து 248 நியூட்டன், அதாவது 25 கிலோவாவது அழுத்த வேண்டும். மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு. நடுவில் இரண்டு மோட்டார் சக்கரம், நான்கு மூலையிலும் காஸ்டர் (எந்தப் பக்கமும் திரும்பும் சின்னச் சக்கரம்) என்று வரைந்துவிடுகிறார்கள். திரையில் அழகாக இருக்கும். தரையில் ஒரு 3 மி.மீ. பள்ளம் வந்தால் எடை முழுவதும் காஸ்டர்களுக்குப் போய், மோட்டார் சக்கரம் அந்தரத்தில் சுற்றும். ஒரு முனையில் மோட்டார் சக்கரம் இரண்டு, மறுமுனையில் ஒரே காஸ்டர் என்று மூன்று புள்ளியில் நிறுத்துங்கள். நான்காவது சக்கரம் வேண்டுமென்றால் காஸ்டர் இரண்டையும் நடுவில் பின் போட்டு ஆடும் ஒரு குறுக்குச் சட்டத்தில் மாட்டுங்கள்.

மின்சாரப் பக்கம். 124 நியூட்டனை 0.5 மீட்டர் வேகத்தில் தள்ள 62 வாட். மோட்டாரும் கியரும் சேர்ந்து பாதித் திறன் என்றால் பேட்டரியிலிருந்து 124 வாட், 24 வோல்ட்டில் ஏறத்தாழ 5.2 ஆம்பியர், மோட்டாருக்கு 2.6. எல்லா மாணவர் வண்டியிலும் காணும் எல்298என் டிரைவரின் (மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்திக் கொடுக்கும் போர்டின்) வரம்பு சேனலுக்கு 2 ஆம்பியர். இது இங்கே ஆகாது என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதோடு, மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். பிடிஎஸ்7960 வகை போர்டு மோட்டாருக்கொன்று வையுங்கள். அதன் விளம்பரத்தில் 43 ஆம்பியர் என்றிருக்கும். அந்தச் சின்ன ஹீட் சிங்க்கில் அவ்வளவு தாங்காது, ஆனால் உங்கள் தேவைக்குத் தாராளம். பேட்டரிக்கு 12 வோல்ட் 7 ஏ.எச். (ஆம்பியர் அவர்) சீல்டு லெட் ஆசிட் இரண்டைத் தொடராக இணைத்தால் 168 வாட் அவர். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே 84 என்று கணக்கு வையுங்கள். சமதரையில் 22 வாட்தான் ஆகும். சாய்வு, நின்று கிளம்புவது, சென்சார் எல்லாம் சேர்த்துச் சராசரி 40 என்றாலும் 2 மணி நேரம் வரும். இந்தப் பக்கக் கணக்கை நால்வருமே பலகையில் போட்டுக்காட்டத் தெரிந்திருக்க வேண்டும். ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கிய வண்டிக்கும் நீங்கள் செய்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "ஏன் 24 வோல்ட்?" என்ற ஒரே கேள்வியில் தெரிந்துகொள்வார்கள்.

செலவைக் குறைக்கச் சென்னை புதுப்பேட்டையில் பழைய கார் வைப்பர் மோட்டார் வாங்கலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். டார்க் கிடைக்கும். ஆனால் சில வகைகளில் மின்சாரத்தின் ஒரு முனை மோட்டாரின் உடலோடே சேர்ந்திருக்கும். முன்னும் பின்னும் சுற்ற வைக்கும் டிரைவரில் அதை இணைத்து, இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கினால் சட்டம் முழுவதும் மின்முனையாகிவிடும். இரண்டு மோட்டாரும் அப்படியே இருந்தால், வண்டி திரும்பும்போது நேராக ஷார்ட். வாங்கும் முன் மல்ட்டிமீட்டரை வைத்து உடலுக்கும் ஒயருக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விட்டுவிடுங்கள்.

4-ஆவது வாரத்துக்குள் மோட்டார், டிரைவர், பேட்டரி மூன்றையும் வாங்கிவிடுங்கள். சென்னை என்றால் ரிச்சி தெருவில் கையில் பார்த்து வாங்குவது நல்லது. ஆன்லைன் என்றால் வந்து சேரும் நாளையும், தவறானது வந்தால் மாற்றும் நாளையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 25,000-ல் 5,000 ரூபாயை இரண்டாம் ரிவ்யூ வரை தொடாதீர்கள். ஒரு டிரைவர் எரியும், ஒரு பிராக்கெட் தப்பாக வரும். அதற்கான பணம் அது.

5, 6-ஆவது வாரம் 18 மி.மீ. பிளைவுட் பலகையில் அந்த மோட்டார்களையே திருகி, மேலே தண்ணீர்க் கேன்களை வைத்து ஓட்டுங்கள். 20 லிட்டர் கேன் ஒன்று நிரம்பினால் 20 கிலோ, தராசு தேடி அலைய வேண்டாம். உங்கள் 16 வாரத்தில் அதிகம் கற்றுக்கொடுப்பது இந்தப் பலகை வண்டிதான்.

அதில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும் கோளாறு ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். வண்டி ஓரடி நகரும், நிற்கும், மறுபடி ஓரடி நகரும். ப்ரோக்ராமில்தான் தப்பு என்று விடிய விடியத் தேடுவார்கள். லேப்டாப்பை யுஎஸ்பியில் இணைத்துப் பார்த்தால் கோளாறே மறைந்துவிடும், ஒயரைக் கழற்றினால் திரும்ப வரும். குழப்பம் தலைக்கேறும். உண்மையில் மோட்டார் கிளம்பும் நொடியில் பேட்டரி வோல்ட்டேஜ் சரிந்து, கூடவே 5 வோல்ட் லைனும் இறங்குகிறது. ப்ரோக்ராம் ஓடும் போர்டான ஆர்டுயினோ ஊனோ 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானே ரீசெட் ஆகிவிடும். யுஎஸ்பி மாட்டியதும் லேப்டாப் அந்த 5 வோல்ட்டைத் தாங்கிப் பிடிப்பதால் கோளாறு தெரிவதில்லை. கண்டுபிடிக்க எளிய வழி: ப்ரோக்ராம் தொடங்கும்போது ஒருமுறை மட்டும் ஓடும் செட்டப் பகுதியில் 13-ஆம் பின் விளக்கை மூன்று முறை மினுக்கச் சொல்லுங்கள். ஓடும் வழியில் மும்முறை மினுக்கினால் ரீசெட் ஆகிறது என்று பொருள். கை மல்ட்டிமீட்டர் இந்தச் சரிவைக் காட்டாது, அவ்வளவு குறுகிய நேரம் அது. லேபில் ஆசிலோஸ்கோப்பை (வோல்ட்டேஜைக் கோடாக வரைந்து காட்டும் கருவியை) வோல்ட்டேஜ் 4-க்குக் கீழே இறங்கும்போது பதியும்படி டிரிக்கர் வைத்தால் கண்ணால் பார்க்கலாம். அந்தப் படத்தை எடுத்து ரிப்போர்ட்டில் போடுங்கள். சரிசெய்ய, பேட்டரி முனையிலிருந்தே தனி ஒயர் இழுத்துத் வோல்ட்டேஜைக் குறைக்கும் தனி பக் கன்வர்ட்டர் வழியே 5 வோல்ட் கொடுங்கள், அதன் வெளியீட்டில் 1000 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று, ஒவ்வொரு மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் ஒன்று. கிரவுண்ட் எல்லாம் ஒரே புள்ளியில் சேரட்டும். ப்ரோக்ராமில் வேகத்தை ஒரே அடியாகக் கொடுக்காமல் அரை நொடியில் படிப்படியாக ஏற்றுங்கள்.

வேலைப் பிரிப்பு பற்றி. "ஒருவர் மெக்கானிக்கல், ஒருவர் எலெக்ட்ரானிக்ஸ், ஒருவர் ப்ரோக்ராம், ஒருவர் ரிப்போர்ட்" என்ற பிரிப்பு வேண்டாம். கடைசி ஆள் பாவம், எதுவும் தெரியாமல் வைவாவில் நிற்பார். ரிப்போர்ட்டை அவரவர் பகுதியை அவரவர் அந்தந்த வாரமே எழுதட்டும். நான்காமவருக்கு இணைப்புகளையும் சோதனையையும் கொடுங்கள். அவருடைய முதல் வேலை ஒரு பக்க இணைப்புத் தாள்: மோட்டார் பிராக்கெட்டின் துளை இடைவெளி, எந்த கனெக்டர், எந்த நிற ஒயர், எந்தப் பின் எண், எத்தனை வோல்ட். மாற்ற வேண்டுமானால் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். 7 ஏ.எச். பேட்டரி 151 மி.மீ. நீளம், 65 அகலம், டெர்மினலோடு 100 உயரம். அதே அளவில் தட்டு செய்தால் பேட்டரி உள்ளே போகும், வெளியே எடுக்க மோட்டாரைக் கழற்ற வேண்டியிருக்கும். கை நுழைய இடமும், ஒயர் வளைய 30 மி.மீ.யும் விட வேண்டும் என்பது அந்தத் தாளில் இருந்தால்தான் சட்டம் வரைபவருக்குத் தெரியும்.

வாரம் ஒரு கூட்டம், அரை மணி நேரம், யார் எதை எந்தத் தேதிக்குள் என்று ஒரு நோட்டில். வாட்ஸ்அப்பில் சொன்னது கணக்கில்லை. ஒருவர் வேலையே செய்யவில்லை என்றால் முதல் ரிவ்யூவுக்கு முன்பே கைடிடம் சொல்லிவிடுங்கள். வைவாவுக்கு முந்தின வாரம் சொன்னால் யாருக்கும் பயனில்லை.

7-ஆவது வாரத்திலிருந்து 10 வரை ஃபேப்ரிகேஷன், அதாவது சட்டம் செய்யும் வேலை. 25×25 சதுரக் குழாய், 1.6 மி.மீ. கனம், மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ. 8 மீட்டர் போனால் 9.5 கிலோதான், உங்கள் 25 கிலோவுக்குள் அடங்கும். பட்டறையில் இன்னும் இஞ்சிலும் நூலிலும்தான் பேசுவார்கள். 8 நூல் ஒரு இஞ்ச், ஒரு நூல் 3.2 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. மி.மீ. அளவு போட்ட டிராயிங்கைக் கையில் கொடுத்து, முதல் வெட்டை அளந்துவிட்டு நகருங்கள். மூலைகளை முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் போட்டு இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் தட்டிச் சரிசெய்து பிறகு முழு வெல்டிங். பேரிங், மோட்டார் துளைகளை வெல்டிங் முடிந்த பிறகே போடுங்கள். சூட்டில் சட்டம் இழுத்துக்கொள்ளும், முன்பே போட்ட துளை நேராக நிற்காது. ஒரு பக்கமாவது நீள்துளையாக இருந்தால் ஷாஃப்டை நேர்படுத்தலாம். சக்கரத்தை ஷாஃப்டோடு வெறும் கிரப் ஸ்க்ரூவில் (பக்கத்திலிருந்து அழுத்தும் தலையில்லாத் திருகில்) பிடிக்காதீர்கள். இந்த டார்க்குக்கு அது சில நாளில் நழுவும். சாவிப் பள்ளம் வெட்டிச் சாவி (ஷாஃப்டையும் சக்கரத்தையும் பூட்டும் இரும்புத் துண்டு) போடுங்கள்.

பாதுகாப்புக்குச் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் மோட்டார் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும், ப்ரோக்ராமுக்குத் தகவல் சொல்வதோடு நிற்கக் கூடாது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ். முன்னால் ஆள் வந்தால் நிற்க, ஒலி அலையால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் வைப்பீர்கள். ஒலி துணியில் அமுங்கிவிடும், சாய்ந்த பரப்பில் வேறு பக்கம் திரும்பிவிடும். அதை மட்டும் நம்பாமல் முன்னால் தொட்டால் மோட்டார் மின்சாரத்தைத் துண்டிக்கும் பம்பர் சுவிட்ச் ஒன்றும் வேண்டும். 75 கிலோ வண்டி காலில் ஏறினால் விளையாட்டில்லை.

11-ஆவது வாரம் பலகையிலிருந்து எல்லாவற்றையும் இரும்புச் சட்டத்துக்கு மாற்றுங்கள். 12 முதல் 14 வரை சோதனை மட்டும். புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. முதல் வாரம் எழுதிய எண்கள் ஒவ்வொன்றையும் பத்து முறை ஓட்டி, பத்தில் எத்தனை முறை சரியாக வந்தது என்று எழுதுங்கள். பத்தில் ஏழு வந்தால் ஏழு என்றே போடுங்கள், மூன்று முறை ஏன் போனது என்பதையும். பேனல் கேள்வி கேட்கும் இடம் அதுதான், நீங்கள் நன்றாகப் பதில் சொல்லக்கூடிய இடமும் அதுதான்.

15, 16-இல் ரிப்போர்ட்டைச் சேர்த்து பைண்டிங்குக்கு அனுப்புங்கள். வைவாவுக்கு முந்தின நாளே அந்த அறைக்குப் போய்த் தரையைப் பாருங்கள். லேப் சிமென்ட் தரையில் சரியாக ஓடிய, கோட்டைப் பார்க்கும் ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார், பளபளக்கும் டைல்ஸில் வேறு அளவு காட்டும், ஜன்னல் வெயில் விழும் இடத்தில் கோட்டையே தொலைக்கும். அந்தத் தரையில், அதே நேரத்து வெளிச்சத்தில் கறுப்பு, வெள்ளை அளவுகளைப் புதிதாக எடுத்து ப்ரோக்ராமில் ஏற்றுங்கள். கையில் இரண்டு உதிரி ஃபியூஸ், ஒரு ரோல் கறுப்பு டேப், ஓடும் வீடியோ ஒன்று ஃபோனில். பேட்டரியை இரவே சார்ஜரில் போட்டுவிடுங்கள்.