மரத்தில் சூரியனைத் தேடியவர்

வணக்கம் ஐயா,

என் மகள் முனைவர் பட்டத்துக்காக ஏரிப் பாசிகளை ஆராய்ந்துகொண்டிருக்கிறாள். சென்ற மாதம் அவளைப் பார்க்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, அறிவிப்புப் பலகையில் வாய்மொழித் தேர்வு அறிவிப்புகளை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். ஒன்று மண்புழு உரம், அடுத்தது சிலப்பதிகாரத்தில் உவமை, அப்புறம் மகளிர் சுயஉதவிக் குழுக் கடன், அதற்கடுத்து ஏதோ கணிதச் சமன்பாடு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லை. நான் முப்பது வருடம் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்தவன். அங்கே எந்த போல்ட்டைக் காட்டி இது எதற்கு என்று கேட்டாலும் பதில் இருக்கும். இவர்கள் ஆளுக்கொரு மூலையில் எதையோ தோண்டிக்கொண்டிருப்பதில் யாருக்கு என்ன லாபம்? மகளிடம் கேட்டால் கோபித்துக்கொள்கிறாள். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

ம., கரூர்

அன்புள்ள ம.,

மகள் கோபித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. உங்கள் கேள்வியிலும் இருக்கிறது. அந்தப் பலகையில் இருந்தவற்றில் ஒன்றிரண்டு, பழைய ஆய்வேட்டை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எழுதியவையாகக்கூட இருக்கலாம். அப்படிப்பட்டவற்றை நானும் படித்துத் தொலைத்திருக்கிறேன். ஆனால் அது வேறு வழக்கு. சம்பந்தமே இல்லை என்கிறீர்களே, அதைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் வாசற்கதவுக்குத் தேக்கு வாங்க ஆசாரியோடு மரக்கடைக்குப் போயிருந்தேன். அவர் கட்டையின் அறுத்த முகத்தில் தண்ணீரைத் தொட்டுத் தேய்த்தார். மங்கிக் கிடந்த வளையங்கள் சட்டென்று தெளிந்தன. வைரம் எதுவரை பாய்ந்திருக்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் வளையங்களை எண்ணினேன். நெருக்கமாக நாலைந்து, பிறகு தாராளமாக ஒன்று, மறுபடியும் நெருக்கம். "அதெல்லாம் மழை இல்லாத வருசம் சார்" என்றார், நிமிராமலே.

இதே காரியத்தை 1904-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு வானியலாளர் செய்யத் தொடங்கினார். பெயர் டக்ளஸ். செவ்வாய் கிரகத்தில் கால்வாய்கள் வெட்டப்பட்டிருப்பதாக நம்பிய பெர்சிவல் லோவெல் என்ற செல்வந்தரின் வானாய்வகத்தில் இருந்தவர். அந்தக் கால்வாய்கள் மேல் சந்தேகம் எழுப்பப்போய் 1901-இல் வேலையை இழந்தார். முதலாளியின் செவ்வாயில் கைவைத்தால் அப்படித்தான்.

அவருக்கு வேண்டியது மரம் அல்ல, சூரியன். சூரியப் புள்ளிகள் சுமார் 11 வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. பூமியில் மழையும் அதோடு சேர்ந்து கூடிக் குறைகிறதா என்று பார்க்க நினைத்தார். அந்தப் பக்கத்தில் பழைய மழைக் கணக்கு கிடையாது. ஆனால் பைன் மரங்கள் இருந்தன. வறண்ட பூமி என்பதால் மழை குறைந்த வருடத்தில் வளையம் ஒடுங்கிவிடும். மர ஆலையில் அறுத்துப் போட்ட கட்டைகளை எடுத்து அளக்க ஆரம்பித்தார்.

அளந்தபோது ஒன்று புரிந்தது. ஒரே வட்டாரத்து மரங்களில் ஒடுக்கமும் அகலமும் ஒரே வரிசையில் வருகின்றன. இன்றைய மரத்தின் உள்வளையங்களும், அதற்கு முன்பே வெட்டப்பட்ட ஒரு மரத்தின் வெளிவளையங்களும் பொருந்தினால், இரண்டையும் சேர்த்துக் கணக்கைப் பின்னுக்குக் கொண்டுபோகலாம். குட்டை நார்களை ஒன்றோடொன்று சேர்த்து நீளக் கயிறு திரிப்பதைப் போல.

இது ஒரு மானிடவியலாளர் காதுக்குப் போனது. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கிளார்க் விஸ்லர், 1914-இல் டக்ளஸைத் தொடர்புகொண்டார். தென்மேற்கில் பூர்வகுடிகள் விட்டுச்சென்ற பெரிய கல் குடியிருப்புகள் இருந்தன; அவை எப்போது கட்டப்பட்டவை என்று எவருக்கும் தெரியவில்லை. அவற்றின் உத்தரங்களை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா என்பதுதான் விஸ்லரின் கேள்வி.

டக்ளஸ் உத்தரங்களிலிருந்து 585 வருடக் கயிறு ஒன்றைத் திரித்துவிட்டார். ஆனால் அது அந்தரத்தில் தொங்கியது. இன்றைய மரங்களிலிருந்து பின்னோக்கிப் போன கயிற்றோடு முடிச்சுப் போட முடியவில்லை. அதனால் இந்தக் கட்டடம் அதைவிட இத்தனை வருடம் பழையது என்று சொல்லலாம், ஆண்டு சொல்ல முடியாது. பல வருடங்கள் இப்படியே ஓடின. 1929 ஜூன் 22 அன்று ஷோ லோ என்ற சிற்றூரில் ஒரு கரிந்த உத்தரத் துண்டு கிடைத்தது. எச்எச்-39 என்று எண் போட்டார்கள். அதன் வளையங்கள் 1237-இல் தொடங்கி 1380 வரை போயின. முடிச்சு விழுந்துவிட்டது. இரண்டு கயிறுகளும் உண்மையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. 1276 முதல் 1299 வரை நீடித்த பெரும் வறட்சியில் வளையங்கள் அவ்வளவு ஒடுங்கியிருந்ததால் பொருத்தத்தை நம்ப முடியாமல் இருந்திருக்கிறது. சாக்கோ பள்ளத்தாக்கின் புவெப்லோ பொனிட்டோ உட்பட பல குடியிருப்புகளுக்கு ஒரே நாளில் ஆண்டு கிடைத்தது.

சரி, சூரியன் என்ன ஆயிற்று? டக்ளஸ் 1962-இல் இறக்கும்வரை அந்த 11 வருடச் சுழற்சியை விடவில்லை. மற்றவர்கள் ஏற்கும்படி நிறுவவும் முடியவில்லை. வந்த வேலை முடியவில்லை, வழியில் செய்த வேலை இன்னொருவர் வீட்டு விளக்கை ஏற்றிவிட்டது.

கதை அங்கேயும் நிற்கவில்லை. 2012-இல் ஜப்பானின் ஃபுசா மியாகே, யாக்குஷிமா தீவின் பழைய சுகி மர வளையங்களை ஒவ்வொரு வருடமாகப் பிரித்து, விண்ணிலிருந்து வரும் துகள்கள் காற்றில் உண்டாக்கும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14-ஐ அளந்தார். 774-775-ஐ ஒட்டி அளவு திடீரென்று எகிறியிருந்தது. பிறகு 993-ஐ ஒட்டியும் அப்படி ஒன்று அகப்பட்டது. பெரும்பாலும் சூரியப் புயல் என்கிறார்கள். டக்ளஸ் மரத்தில் தேடிய சூரியன், அவர் நினைத்த இடத்தில் இல்லாமல் வேறு மாதிரி இருந்திருக்கிறது!

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் வைக்கிங்குகள் தங்கிய இடம் ஒன்று உண்டு. அங்கே கிடைத்த மரத்துண்டுகளில் இரும்புக் கருவியால் வெட்டிய தடம் இருந்தது. அவற்றில் 993-இன் அடையாளத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து பட்டை விளிம்புவரை எண்ணினார்கள். 28 வருடம். ஆக, மரத்தை வெட்டிய ஆண்டு 1021. இது 2021-இல் வெளிவந்தது. சரியாக ஆயிரம் வருடம் கழித்து. வானியல், தாவரவியல், அணு இயற்பியல், தொல்லியல் எல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் இருக்கின்றன. நீங்கள் பார்த்த பலகையில் இவற்றையும் தனித்தனியாகத்தான் ஒட்டியிருப்பார்கள்.

நம் பக்கத்திலும் இது நடக்கிறது. புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் கேரளத்துத் தேக்குகளிலிருந்து 523 வருட வளையக் கணக்கை எடுத்து, பருவமழை பொய்த்த காலங்களைத் தேடியிருக்கிறார்கள். ஆசாரியிடம் சொன்னேன். "அதுக்குப் போயா படிக்கிறாங்க?" என்றார்.

எல்லா ஆய்வுக்கும் இப்படி ஒரு யோகம் அடிக்கும் என்று உங்களுக்கு உறுதி சொல்ல மாட்டேன். பெரும்பாலானவை அலமாரியில்தான் கிடக்கும். உங்கள் போல்ட் கணக்கு இங்கே செல்லாது. வண்டி இன்னும் செய்யப்படாதபோது போல்ட் எதற்கு என்று எப்படிச் சொல்வது? ஆனால் பணிமனையின் இன்னொரு பழக்கம் செல்லும். எந்த வண்டிக்கு எந்தத் தேதியில் எதை மாற்றினோம் என்று எழுதி வைத்திருப்பீர்கள் அல்லவா? எச்எச்-39-இல் எண் இல்லாமல் போயிருந்தால் அது அடுப்புக்கரி.

அடுத்த முறை போகும்போது லாபத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். எந்த ஏரியில், எந்தக் கரையில், எத்தனை அடி ஆழத்தில், எந்த மாதம் பாசியை எடுத்தாள் என்று கேளுங்கள். மகள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள், மதியச் சாப்பாடு தாமதமாகும்.