சிஸ்டரிடம் கேளுங்கள்: அடித்தவரிடம் நான் ஏன் சாரி சொல்ல வேண்டும்?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன மாதம் நைட் டியூட்டியில், டாக்டர் வரத் தாமதமானதற்காக ஒரு நோயாளியின் மகன் கேஸ் ஷீட்டைப் பிடுங்கி என் முகத்தில் வீசினார். தடுக்கப் போன கையை முறுக்கினார். காலையில் இன்சார்ஜ் சிஸ்டர், “நீ சிரிச்ச முகமா பேசியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது, ஒரு சாரி சொல்லிடு” என்றார். சொன்னேன். டிஸ்சார்ஜ் ஆகும்வரை அந்த நோயாளிக்கு ஊசியும் போட்டேன், மகனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். இப்போது வீட்டில் குழந்தை கூப்பிட்டாலே எரிந்து விழுகிறேன். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: சாரி சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லைம்மா. உங்கள் இன்சார்ஜ் மேல் கோபம் வருகிறது, ஆச்சரியம் வரவில்லை. ஓய்வு பெறும்வரை நானும் அந்த நாற்காலியில் இருந்தவள்தான். பில் கட்டுகிறவர் முகம் கோணக் கூடாது என்பதுதான் மேலேயிருந்து வரும் முதல் உத்தரவு.

ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் கண்ணில் படுகிற ஒரே ஆள் நர்ஸ். டாக்டர் வராதது, அட்வான்ஸ் கட்டச் சொன்னது, லேப் ரிசல்ட் வராதது எல்லாம் அவள் தலையில்தான் விடியும். அப்போதும் குரல் உயராமல், கை நடுங்காமல் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய்) போட வேண்டும். அந்த நிதானம் தானாக வருவதில்லை, அதுவும் உழைப்புதான். 1983-ல் அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷைல்ட் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதியபோது அதை ‘உணர்ச்சி உழைப்பு’ என்றார். விமானப் பயணியாவது சில மணி நேரத்தில் இறங்கிப் போய்விடுவார். உங்கள் கையை முறுக்கியவர் டிஸ்சார்ஜ்வரை எதிரிலேயே நின்றிருக்கிறார். அங்கே விழுங்கியதுதான் வீட்டில் குழந்தை மேல் கொட்டுகிறது.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. டாக்டருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நர்ஸும் உண்டு, நர்சிங் மாணவியும் உண்டு, தனியார் மருத்துவமனையும் உண்டு. ஜாமீனில் விட முடியாத குற்றம், 3 முதல் 10 ஆண்டு வரை சிறை.

நடந்ததை இப்போதாவது தேதி, நேரம், பார்த்தவர்கள் பெயரோடு எழுதி நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மகன் திட்டியிருந்தால் அந்த வார்த்தையை அப்படியே எழுதுங்கள், ‘தகாத வார்த்தை’ என்று மழுப்ப வேண்டாம். சிசிடிவி பதிவை அழிக்காமல் எடுத்துவைக்கும்படி அதே தாளிலேயே கேளுங்கள், பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும். கை இன்னும் வலித்தால் டாக்டரிடம் காட்டி, காயத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். போலீஸுக்குப் போனால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். “நோயாளி பாவம், விட்டுடு” என்பார்கள். நோயாளி பாவம்தான், கையை முறுக்கியது அவர் இல்லையே!

மே 12, நர்ஸ் தினம் வந்தால் கேக் வெட்டி நம்மைத் தேவதை என்பார்கள். தேவதைக்குக் கை வலிக்காது என்று நினைப்போ என்னவோ.

அப்புறம் குழந்தை. அடுத்த டியூட்டிக்காரரிடம் ஹேண்ட் ஓவர் முடிந்ததும் நேரே பஸ் ஏறாதீர்கள். கூட இருந்த சிஸ்டரோடு கேன்டீனில் டீ குடித்து, திட்ட வேண்டியவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள். அன்றைய காட்சியே திரும்பத் திரும்ப வந்து தூக்கம் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது.

கேள்வி: அப்பா ஐ.சி.யு.வில் இருந்தபோது நர்ஸ்கள் முகம் கொடுத்தே பேசவில்லை. சிரித்தால் குறைந்தா போய்விடுவார்கள்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: ஐ.சி.யு.வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. அங்கே எத்தனை பேருக்கு ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார் என்று கவனித்தீர்களா? ஆள் குறைவு என்று நிர்வாகத்துக்கு ஒரு புகார் எழுதிப் போடுங்கள். நோயாளி வீட்டார் எழுதினால் கொஞ்சம் காது கேட்கும்.