ரிசர்வ் வீரருக்கு அரபு மறக்காமல் இருக்க

கேள்வி: அமெரிக்க ராணுவ ரிசர்வில் (பகுதிநேரப் படையில்), உளவுப் பிரிவில் இருக்கிறேன். கலிபோர்னியாவின் மான்டரேயில் உள்ள ராணுவ மொழி நிறுவனத்தில் 64 வாரம் செய்தி அரபு (செய்தியிலும் எழுத்திலும் வரும் பொது அரபு) படித்து, 0 முதல் 5 வரையான அரசு மொழித் தேர்ச்சி அளவில் கேட்பதிலும் வாசிப்பதிலும் நிலை 2 வாங்கினேன். இப்போது டல்லாஸில் ஐ.டி. வேலை. மாதாந்திரப் பயிற்சியில் மொழிக்கு நேரமே கிடைப்பதில்லை. எட்டு மாதத்தில் மறுதேர்வு. எப்படித் தயாராவது?

பதில்: ரிசர்வ் பயிற்சி என்பது மாதம் ஒரு வார இறுதி, வருடத்துக்கு இரண்டு வாரம். கூட்டினால் வருடத்துக்கு 38 நாள்தான். துப்பாக்கிப் பயிற்சி, மருத்துவச் சோதனை, படிவங்கள் எல்லாம் போக அரபுக்கு என்ன மிஞ்சும்? யூனிட் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள்.

பலருக்கு வாசிப்பைவிட முதலில் மங்குவது காதுதான். வாசிக்கும்போது கண் திரும்பிப் போய்ப் பார்க்கலாம், ஒலி நமக்காக நிற்காது. தினமும் 40 நிமிடம் ஒதுக்கி, பெரும்பகுதியைக் கேட்பதற்கே கொடுங்கள். இரண்டு நிமிடச் செய்தி ஒன்றை எழுத்து வடிவம் பார்க்காமல் கேட்டு, யார், எங்கே, எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்தபடி எழுதுங்கள். பேனா எங்கே நிற்கிறதோ அங்கேதான் உங்கள் ஓட்டை. எண்களைத் தனியாகப் பழகுங்கள்: அரபில் 25 என்பது 'ஐந்தும் இருபதும்'. வேகமான பேச்சில் தேறியவர்களே இதில் சறுக்குவார்கள். காரில் சும்மா ஓடவிடுவது பயிற்சி ஆகாது.

மான்டரே நிறுவனத்தின் 'குளோஸ்' இணையப் பாடங்கள் இலவசம், நிலைவாரியாக இருக்கின்றன. 2-லேயே நின்றுவிடாமல் 2+ பாடங்களையும் எடுங்கள். நிலை 2 என்பது நடந்ததைப் புரிந்துகொள்வது. 3 என்றால் பேசுபவர் சொல்லாமல் விட்டதும் பிடிபட வேண்டும். அதற்குத் தலையங்கங்களும் விவாதங்களும்தான் சரி.

யூட்டா மாநிலத் தேசியக் காவல் படையின் 300ஆவது உளவுப் பிரிகேடில் மொழி தெரிந்தவர்கள் ஏராளம். மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியத்துக்காக வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பியவர்கள் அதில் பலர். சந்தையில் பேரம் பேசிக் கற்ற மொழி எளிதில் போகாது. உங்களுடையது வகுப்பறை மொழி, பேச்சுத் துணை வேண்டும். ஆனால் செய்தி அரபில் யாரும் வீட்டில் பேசுவதில்லை. மேடைத் தமிழும் வீட்டுத் தமிழும் மாதிரிதான். ஏதாவது ஒரு வட்டார வழக்கு போதும், மறுதேர்வு முடிந்த பிறகு ஆரம்பியுங்கள்.

யூனிட்டின் மொழித் திட்டப் பொறுப்பாளரை இந்த மாதமே பிடியுங்கள். புத்தாக்க வகுப்புக்கு இடமிருக்கிறதா, தேர்வு தேதி பதிவாகிவிட்டதா என்று கேளுங்கள். மதிப்பெண் காலாவதியானால் மொழி ஊக்கத்தொகையும் நின்றுவிடும்.

இன்னொன்று: மொழிப் பரிமாற்ற ஆப்களில் முன்பின் தெரியாதவரிடம் ராணுவம், யூனிட் என்று வாயே திறக்காதீர்கள். ஐ.டி. வேலையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் புலம்பலாம்.