ஐஜிபிடியை விட்டுவிட்டு சிலிக்கான் கார்பைடுக்கு இப்போதே மாறலாமா?

கேள்வி: 10 கிலோவாட் மும்முனை சோலார் இன்வர்ட்டர் தயாரிக்கிறோம். உள்ளே மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச், 1200 வோல்ட் ஐஜிபிடி (சிலிக்கான் டிரான்சிஸ்டர்). அதே வேலையைக் குறைந்த இழப்பில் செய்யும் சிலிக்கான் கார்பைடு சில்லின் விலை இறங்கிக்கொண்டே வருகிறது. இப்போதே மாறுவதா, இரண்டு வருடம் பொறுப்பதா? இனி எல்லாம் இன்னொரு புதுச் சில்லுப் பொருளான காலியம் நைட்ரைடுதான் என்கிறார்களே?

பதில்: விலைக்காகப் பொறுக்க வேண்டாம், வடிவமைப்பை இப்போதே தொடங்குங்கள். ஆனால் விலையைவிட, யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதில்தான் அதிகக் கவனம் தேவை.

இந்த விலைச் சரிவு தொழில்நுட்பத்தால் மட்டும் வந்ததல்ல. டெஸ்லா தன் மாடல் 3 காரின் இன்வர்ட்டரில் சிலிக்கான் கார்பைடைப் போட்டதும், மின்கார் சந்தையை நம்பி ஆளாளுக்கு ஆலை கட்டினார்கள். அதே டெஸ்லா 2023 மார்ச்சில், அடுத்த தலைமுறை வண்டியில் இதன் பயன்பாட்டை 75 சதவீதம் குறைப்போம் என்றது. மின்கார் விற்பனையும் எதிர்பார்த்த வேகத்தில் ஏறவில்லை. சீன நிறுவனங்களோ வேஃபர்களை (சில்லு செய்ய உதவும் வட்டத் தகடுகளை) கொண்டுவந்து குவித்தன. விளைவு, இந்தத் துறையின் முன்னோடியான அமெரிக்க நிறுவனம் வுல்ஃப்ஸ்பீடு 2025 ஜூனில் திவால் பாதுகாப்பு கேட்டது. கடனைக் குறைத்துக்கொண்டு செப்டம்பரில் மீண்டு வந்தது. அதனுடன் பத்தாண்டு வேஃபர் ஒப்பந்தம் போட்டு, 200 கோடி டாலர் முன்பணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்த ஜப்பானியச் சில்லு நிறுவனம் ரெனெசாஸுக்குச் சரியான அடி.

இன்னும் இறங்குமா? கொஞ்சம் இறங்கும். 150 மில்லிமீட்டர் வேஃபரிலிருந்து 200-க்குப் போனால் பரப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு. ஆனால் படிகம் 2000 டிகிரிக்கு மேல் அங்குலம் அங்குலமாக வளர வேண்டும்; அந்தச் செலவு எங்கும் போகாது. இதுவரை பார்த்த வேகத்தில் இனியும் சரியும் என்று கணக்குப் போட மாட்டேன்.

காலியம் நைட்ரைடு 650 வோல்ட் வரையில் கில்லாடி. சார்ஜர், சர்வர் பவர் சப்ளைக்கு அதுதான் பொருத்தம். என்விடியா 2027 முதல் டேட்டாசென்டர்களில் கொண்டுவரப்போகும் 800 வோல்ட் டிசி முறை, காலியம் நைட்ரைடு, சிலிக்கான் கார்பைடு இரண்டுக்குமே தேவையைக் கூட்டும். ஆனால் தைவானின் சில்லு உற்பத்தி நிறுவனம் டிஎஸ்எம்சி 2027 ஜூலைக்குள் காலியம் நைட்ரைடு உற்பத்தியை நிறுத்தப்போகிறது. உங்கள் இன்வர்ட்டருக்குள் இருக்கும் 800 வோல்ட் டிசி பஸ்ஸுக்கு (உள் மின்பாதைக்கு), மின்னழுத்தத்தைப் பல சில்லுகளுக்குப் பங்கிடும் பல அடுக்குச் சுற்று போட்டால்தான் காலியம் நைட்ரைடு சரிப்படும். இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

முதலில், பேனலின் மின்னழுத்தத்தை உயர்த்தும் பூஸ்ட் பகுதியை மட்டும் சிலிக்கான் கார்பைடுக்கு மாற்றிப் பாருங்கள். ஸ்விட்சிங் வேகத்தைக் கூட்டினால் இண்டக்டர் (கம்பிச்சுருள்) சுருங்கும், தாமிரச் செலவு குறையும். சில்லுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு அங்கேதான் திரும்பி வரும். அதே அதிர்வெண்ணில் ஐஜிபிடியைக் கழற்றிவிட்டு இதைச் செருகினால் பாதி லாபம் போயிற்று.

அப்புறம், ஐஜிபிடி ஷார்ட் சர்க்யூட்டை 10 மைக்ரோ நொடி வரை தாங்கும். சிலிக்கான் கார்பைடு 2, 3 மைக்ரோ நொடிதான். பழைய கேட் டிரைவரின் (சில்லை ஆன்-ஆஃப் செய்யும் சுற்றின்) பாதுகாப்பு விழித்துக்கொள்வதற்குள் சில்லு போய்விடும்.

சில்லை ஆன் செய்யும் கேட் மின்னழுத்தமும் சில நிறுவனங்களுடையதில் 15 வோல்ட், சிலவற்றில் 18. ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் இரண்டுக்கும் பொருந்தும்படி கேட் சப்ளையை அமையுங்கள். நான்கு கால் டிஓ-247 பேக்கேஜில் இரண்டு நிறுவனங்களின் மாஸ்ஃபெட்டையும் (சிலிக்கான் கார்பைடு டிரான்சிஸ்டரையும்) சோதித்து, சான்றிதழுக்குப் போகும்போதே இரண்டு பெயரையும் பாகப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.